ரோபோவும் வெட்டியும்

ரோபோவுக்குத் தமிழில் என்ன என்று மகள் கேட்டாள். இயந்திர மனிதன் என்றேன். அந்தச் சொல் பிறந்த நாடகத்தைப் பிறகுதான் படித்தேன். நான் சொன்னது தவறு.

காரெல் சாப்பெக் செக் மொழியில் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ 1920இல் நூலாக வந்தது. 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. அதில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. செயற்கைக் கூழில் செய்த சதையும் நரம்பும் கொண்டவை. பார்வைக்கு மனிதர்தான். ‘லபோரி’ என்று பெயரிட நினைத்த காரெலுக்கு ‘ரோபோ’வைச் சொன்னவர் ஓவியரான அண்ணன் யோசெஃப். ‘ரொபோட்டா’ என்றால் குடியானவர்கள் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசில் அது 1848இல்தான் ஒழிந்தது.

நமக்கும் அதற்கொரு சொல் இருந்தது: சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’. இன்று சும்மா இருப்பவனை வெட்டி என்கிறோம். உழைத்தவனின் சொல் இப்படியா தலைகீழாக வேண்டும்!

மனிதன் என்ற எல்லைக்கோட்டை யார் வரைந்தார், யாரை வெளியே நிறுத்தினார் என்று பின்மானுடச் சிந்தனை கேட்கிறது. டோனா ஹாராவேயின் சைபோர்க் அறிக்கை வந்தது 1985இல். சாப்பெக் அதற்கு 65 ஆண்டுகள் முன்பே ஆலைக்குள் நின்று கேட்டுவிட்டார். அவருடைய ரோபோக்களுக்கு வலி தெரியாது. அதனால் உடம்பைச் சேதப்படுத்திக்கொள்கின்றன, ஆலைக்கு நஷ்டம். எனவே வலி நரம்பு வைக்கப் பார்க்கிறார்கள். வலி அங்கே ஒரு பராமரிப்பு ஏற்பாடு. சில ரோபோக்கள் திடீரென்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, அசையாமல் நின்று பல்லைக் கடிக்கின்றன. உற்பத்திக் கோளாறு என்று நிர்வாகம் அவற்றை அழிக்க அனுப்புகிறது. அது ஆன்மா என்கிறாள், ஆலையைப் பார்க்க வந்த ஹெலெனா. முழு நாடகமும் எனக்கு இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. பின்னால் வரும் கலகம் சற்று நாடகத்தனம்தான்.

இருபது வருடமாக மென்பொருள் ஆலோசகனாக இருக்கிறேன். என் திட்ட அட்டவணைகளில் ஆட்களுக்குப் பெயர் இருக்காது. ‘ரிசோர்ஸ் 1’, ‘ரிசோர்ஸ் 2’. ஒருமுறை அதில் ஒருவர், நள்ளிரவு அழைப்பின் நடுவே பேச்சை நிறுத்திவிட்டு, கணினியை மூடி எழுந்து போனார். மறுநாள் மாற்று ரிசோர்ஸ் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியவன் நான்தான். அவர் ஏன் எழுந்து போனார் என்று கேட்கவில்லை.

மகளிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை.