அறிக்கைகளில் ஏறிய சொற்கள்

பேரரசுகளின் வரலாறு ஆண்டோர் பெயரால் எழுதப்படுகிறது. உழைத்தோர் எழுத்தறியார், தம் பெயரையும் பொறித்து வைத்தாரல்லர். ஆயினும் அவர்கள் வாயில் வழங்கிய சில தமிழ்ச் சொற்கள், ஆங்கிலத்தில் ஈடு காண இயலாமையால், வெள்ளையர் ஆட்சியின் அறிக்கைகளில் அவ்வாறே ஏறிவிட்டன. அச்சொற்களின் தடம்பற்றிச் சென்றால் கொங்குநாட்டு உழைப்பாளர் வாழ்வில் ஓரளவேனும் ஒளி விழும்.

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் இன்று சிட்கோ தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். அதனைச் சூழ்ந்த நிலம் ஆற்றுப் பாய்ச்சலை நம்பியதன்று. சோளமும் கம்பும் விளைந்த புன்செய். நடுவே ஆழக் கிணறுகள். கிணறு ஒவ்வொன்றும் இருவேறு மக்களின் உழைப்பால் நீர் தந்தது. நிலமுடைய வேளாளர் கவலை ஓட்டினர். அக்கவலைக்குத் தோற்பறி தைத்தவரும், ஆண்டுக்கணக்கில் பண்ணையாளாக அமர்ந்து வயலில் நின்றவரும் பெரும்பாலும் அருந்ததியர். கூலி தானியமாகக் கிடைத்தது. அவசரத்திற்கு வாங்கிய முன்பணம் அடுத்த ஆண்டும் அதே பண்ணையில் அவர்களை நிறுத்தியது. ஏற்றப்பாட்டின் இனிமையைப் போற்றும் இலக்கிய உலகம் அத்தோற்பறியைத் தைத்த கைகளை அதிகம் நினைத்ததில்லை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவைப் பகுதி கும்பினியின் கைக்கு வந்தது. ரயத்துவாரி முறையில் குடியானவர் ஒவ்வொருவரும் நேரே சர்க்காருக்குப் பணமாகக் கிஸ்தி கட்ட வேண்டியவராயினர். மழை பொய்த்தாலும் கிஸ்தி பொய்க்கலாகாது. தறிக்கும் தொழிலுக்கும் மோதர்பா என்னும் வரி வேறு இருந்தது. 1860களின் தொடக்கத்தில்தான் அது நீங்கியது. வரி தண்டிய முறை எத்தகையது என்பதை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை உரைக்கிறது. கிட்டி, அண்ணாந்தாள் என்னும் இரு தமிழ்ச் சொற்களை அதில் காணலாம். முன்னது விரல்களை இடுக்கி நசுக்கும் மரக்கருவி. பின்னது உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து அசையாமல் நிறுத்தும் தண்டனை. குற்றத்தை உள்ளூர்ச் சேவகர் தலையில் ஏற்றி வெள்ளை அதிகாரிகளைக் காப்பதிலேயே குழு கருத்தாயிருந்தது என்பது வேறு செய்தி.

அடுத்து வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மாகாணமே வாடிய அக்காலத்தில், நிவாரண வேலைக்கு வந்தோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று 1877இல் குறைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். மண் வெட்டிக் கல் சுமந்தவனுக்கு அரைக்கிலோவிற்கும் குறைவான தானியம்! அது உயிர் வாழப் போதாது என்று வாதிட்டவர் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். மெலிந்த உடல்களே அவர் காட்டிய சான்று. அவ்வாண்டிலேயே கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் மாண்டனர்.

பஞ்சத்திற்குத் தப்பியோர் மலையேறினர், கடல் கடந்தனர். இங்குதான் 'கங்காணி' என்னும் சொல் பேரரசின் அகராதியில் இடம்பெறுகிறது. 'கூலி' என்பதும் தமிழ் தந்த சொல்லே என்பர் பலர். கூர்ச்சரத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். நீலகிரிக்கும், 1890களின் பிற்பகுதியில் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய ஆனைமலைக்கும், இலங்கைக்கும் ஆள் சேர்த்தவன் கங்காணி. ஊரிலே அவன் நீட்டிய முன்பணமே விலங்காயிற்று. இலங்கையில் அதன் எழுத்து வடிவம் 'துண்டு'. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடனைக் குறித்துத் துரை எழுதித் தரும் சிறு காகிதம் அது. அக்கடனைப் புதிய தோட்டத்துரை கொடுத்துத் தீர்த்தாலன்றி ஆட்கள் இடம்மாற இயலாது. மனிதக் கூட்டமே கடன் தொகையாகக் கைமாறிய இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இந்தியாவில் முன்பணத்திற்குக் காவலாக நின்றது 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், பணத்தைத் திருப்பவோ வேலைக்குத் திரும்பவோ நீதிபதி ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலியைக் கொடாத முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் வழக்கம் 1875இல் ஒழிந்தது. அதே முடியாட்சியின் கீழிருந்த இந்தியத் தொழிலாளி மேலும் ஐம்பதாண்டு காத்திருந்தான். இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஒரே கொடி, இருவேறு நீதி.

ஆலைகளின் கதை பலரும் அறிந்ததே. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. கூடவே சங்கங்களும் வேலைநிறுத்தங்களும் வளர்ந்தன. சின்னியம்பாளையத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். விடுதலைக்கு அப்போது இரண்டாண்டும் இல்லை.

திருப்பூர் அந்நாளில் கதரின் நகரம். 1932 ஜனவரியில் கொடியேந்தித் தடியடிபட்டு உயிர்நீத்த குமரனை நாடு அறியும். சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் பருத்தி ஆலையொன்றில் வேலை பார்த்த தொழிலாளி அவர் என்பதை அறிந்தோர் குறைவு. கதரும் தன் உழைப்பாளியை மறந்திருந்ததுண்டு. நூற்கும் பெண்களுக்கு வாழத்தக்க கூலி தரவேண்டும் என்று காந்தி 1935இல் கதர் நிறுவனத்தையே வற்புறுத்த நேர்ந்தது.

பின்னர்ப் பனியன் வந்தது. கிணற்றடியில் கவலை ஓட்டிய வேளாண் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக நுழைந்து முதலாளிகளாக உயர்ந்தோர் பலர். 'நாங்களும் உழைத்து வந்தவர்களே' என்பது அவர்களின் பெருமைமொழி. அது பொய்யன்று. ஆனால் தோற்பறி தைத்தவரின் மக்களுக்கு அவ்வேணி அத்துணை எளிதில் எட்டவில்லை. டெய்லர், கைமடி, செக்கிங் என்று வேலைகள் பிரிந்தன. துண்டுக்கணக்குக் கூலி நிலைத்தது. 1984இல் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது பஞ்சப்படி. உலகப்போர்க்கால விலையேற்றத்தில் ஆலைகளில் வழக்கூன்றிய அச்சொல், பஞ்சம் போனபின்பும் கூலிச்சீட்டில் அதன் பெயரைச் சுமந்து நிற்கிறது.

முன்பணமும் ஒழிந்தபாடில்லை. 1976இல் கொத்தடிமை முறை சட்டத்தால் தடுக்கப்பட்டபின், அது தலைகீழாக நின்று வேறு உருக்கொண்டது. தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துவந்து, மூன்றாண்டு உழைப்பின் முடிவில் திருமணச் செலவிற்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லினர். முன்னர்க் கடனைக் காட்டி ஆளை நிறுத்தினர். இங்கே தரவேண்டிய கூலியையே பிடித்துவைத்து நிறுத்தினர். கூலிக்கான காலம் ஒரு மாதத்தை மிஞ்சக்கூடாது என்று வெள்ளையர் ஆட்சியிலேயே, 1936இல், சட்டம் வகுத்திருந்தது. நோயாலோ இடர்ப்பாட்டாலோ இடையில் விலகிய பெண்கள் பலர் தொகையை இழந்து ஊர் திரும்பினர். அத்திட்டத்திற்கு வைத்த பெயர் 'சுமங்கலி'. அச்சொல்லும் வெளிநாட்டு ஆய்வறிக்கைகளில் மொழிபெயர்ப்பின்றியே அச்சேறியது.