கொல்ஃப் சப்பாத்தும் வெறுங்காலும்: மலைச்சரிவில் ஒரு வரலாறு

கொல்ஃப் விளையாட ஏன் தனியா ஒரு சப்பாத்து? பந்தை அடிக்கிற அந்த ஒரு கணத்தில் உடம்பு முழுக்க முறுக்கி அவிழுது. வலக்கைக்காரர் என்றால், எடை வலது காலிலிருந்து இடது காலுக்குப் போகும். இடது பாதம் வெளிப்பக்கமாக வழுக்கக் கூடாது. வலது பாதமோ விரல் நுனியில் எழும்பித் திரும்ப வேண்டும். ஆகவே சப்பாத்துக்கு மூன்று வேலைகள்: பாதம் பக்கவாட்டில் சரியாமல் பிடிக்கிற அகலமான அடிப்பாகம், விரல் மடியும் இடத்தில் வளைந்து கொடுப்பது, ஈரப் புல்லில் பிடிமானம். சிக்கல் என்னவென்றால், உறுதியைக் கூட்டினால் வளைவு குறையும். பிடிமானம் மிஞ்சினால் பாதம் திரும்பாமல் முழங்காலுக்கு நோகும்.

1857 இல் ஸ்கொட்லாந்தில் வெளியான ஒரு கொல்ஃப் கையேடு, அடியில் சிறு ஆணிகள் அடித்த கனத்த சப்பாத்துகளைப் போடச் சொன்னது. 1890களில் கழற்றி மாட்டும் திருகு முட்கள் வந்தன. அந்த இரும்பு முட்கள் புல்தரையைக் குத்திக் கிழித்ததால், 1990களில் பிளாஸ்டிக் முட்கள் பரவின. இன்று முள்ளே இல்லாத ரப்பர் அடிகளும் உண்டு.

இந்த விளையாட்டு நம்ம மலைநாட்டுக்கும் வந்தது. நுவரெலியா கொல்ஃப் கழகம் தொடங்கியது 1889 இல். கண்டிக்குப் பக்கத்தில், திகன ரஜவெல்லையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு கொல்ஃப் திடல் 1990களின் இறுதியில் உருவானது.

ஆனால் இந்த மலைகளில் சறுக்காமல் நிற்கிற பிரச்சினை கொல்ஃபோடு தொடங்கியதல்ல. 1820களில் கம்பளை சின்னப்பிட்டியவிலும், நம்ம பேராதனைக்குப் பக்கத்துக் கன்னொருவையிலும் கோப்பித் தோட்டங்கள் வந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிவரை நடந்தார்கள். வெறுங்காலோடுதான். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

வந்து சேர்ந்த பிறகும் வெறுங்கால்தான். அதற்கு விலை கொடுத்தது உடம்பு. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். சோகை பிடித்த ஆள் எப்படி மலை ஏறுவார்? 1916 இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுப்பதும் மலசலகூடம் கட்ட வைப்பதும்தான் முக்கிய வேலை. மலசலகூடத்துக்குக் காசு செலவழிக்க துரைமார் பலர் தயங்கினார்கள். அவர்களுக்கு அது தொழிலாளியின் உயிர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை, செலவுக் கணக்காகத்தான் தெரிந்தது.

இப்போ அந்த மூன்று வேலைகளையும் திரும்பப் பாருங்கள். முதுகில் கொழுந்துக் கூடையோடு, மழை நனைத்த சரிவில், ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நிற்கிற பெண்ணுக்கும் உறுதி வேண்டும், வளைவு வேண்டும், பிடிமானம் வேண்டும். கொல்ஃப்காரர் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்கு ஆற அமர நடந்து போவார். இவர் நாள் முழுக்க அந்தச் சரிவிலேயே நிற்கிறார். அப்படியிருந்தும் பலரின் காலில் இருப்பது சாதாரண ரப்பர் செருப்புத்தான்.

கொல்ஃப் சப்பாத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது நல்ல பொறியியல். யாருடைய பாதத்துக்காக அந்தப் பொறியியல் யோசித்தது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி. புல் கிழியுதென்று முள்ளையே மாற்றிய உலகத்துக்கு, கொழுந்து பறிக்கிற காலுக்கு ஏற்ற ஒரு சப்பாத்தைச் செய்வது முடியாத காரியமில்லை.

தேயிலை இயந்திரங்களின் கதையைச் சொல்ல ஹந்தானையில் அருங்காட்சியகம் இருக்கு. பாதங்களின் கதை அம்மம்மாக்களிடமும் அப்பாயிகளிடமும் இருக்கு. மலைக்கு என்ன போட்டுக்கொண்டு போனீங்க, எந்த வயதில் முதல் செருப்பு வாங்கினீங்க என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே.