இடையில் ஏறிய கட்டணம்

பிரிட்டனில் 1912 முதல் தொலைபேசி அநேகமாக அஞ்சல் இலாகாவின் ஏகபோகமாயிருந்தது. ஹல் நகரம் மட்டுமே விலக்கு. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானபோது, போட்டி நுகர்வோரைக் காக்கும் என்றனர் ஆட்சியாளர். போட்டி வந்தது, நிறுவனங்கள் ஒன்றோடொன்று கலப்பதும் உடன் வந்தது. என்டிஎல், டெலிவெஸ்ட் என்னும் கேபிள் நிறுவனங்கள் 2006இல் இணைந்து, மறு ஆண்டு விர்ஜின் மீடியா ஆயின. பின்னர் 2021இல் அது ஓ-டூவுடன் கூடியது. இடையே, 2016இல், பிரிட்டிஷ் டெலிகாம் குழுமம் ஈ.ஈ. எனும் கைபேசி நிறுவனத்தை வாங்கியது.

இச்சேர்க்கைகளே பிராட்பேண்ட் கட்டணத்தை உயர்த்தின எனத் துணிந்து கூறுதல் பொருந்தாது. உயர்த்தியது ஒப்பந்தத்திலிருந்த ஒரு வாசகம். டிசம்பர் மாத நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு விகிதம், அதற்குமேல் 3.9 விழுக்காடு: இதுவே பிரிட்டிஷ் டெலிகாம் முதலியவற்றின் சூத்திரம். பணவீக்கம் தாழ்ந்திருந்தவரை அது சிறு எழுத்தாகவே கிடந்தது. 2022 டிசம்பரில் பணவீக்கம் 10.5 விழுக்காட்டை எட்டவே, அடுத்த வசந்தத்தில் மாதக் கட்டணம் 14.4 விழுக்காடு ஏறிற்று. இரண்டாண்டுக்குக் கையொப்பமிட்டவர் நடுவில் விலகினால் அபராதம். விலையைக் கூட்டியவருக்கோ ஏதுமில்லை. இதனை இருவர் உடன்பாடு என்று எங்ஙனம் சொல்வது?

ஒழுங்குமுறை அமைப்பாகிய ஆஃப்காம், 2025 ஜனவரி 17 முதல், புதிய ஒப்பந்தங்களில் பணவீக்கத்தைச் சார்ந்த உயர்வைத் தடை செய்தது. உயர்வையே தடுத்துவிட்டதாக நேயர்கள் எண்ணிவிடலாகாது. எத்தனை பவுன், எத்தனை பென்ஸ் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், ஒப்பந்தத்தின் நடுவிலும் கட்டணத்தை ஏற்றலாம்.