மறுபக்கத்தில் ஒளிந்திருந்த பாட்டு

'டிஸ்கோ' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுழலும் கண்ணாடி உருண்டையும், பளபளக்கும் சட்டையும்தான். கொஞ்சம் கேலியாகவும் சிரித்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது நண்பர்களே. அதைச் சொல்ல குளோரியா கெய்னர் என்ற ஒரு பாடகியின் கதையே போதும்.

கெய்னர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நூவர்க் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். 1974-ல் வெளிவந்த 'நெவர் கேன் சே குட்பை' அவரைப் பிரபலமாக்கியது. ஜாக்சன் 5 குழு ஏற்கெனவே 1971-ல் பாடிய பாட்டுதான். ஆனால் இவர் பாடியபோது அது ஆடுவதற்கான பாட்டாகிவிட்டது!

அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை ஒரு பாட்டு என்றால் மூன்று நிமிடம். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடும். டாம் மோல்டன் என்பவர் மூன்று பாட்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓட்டமாக்கினார். ஆடுபவர்கள் நிற்கவே வேண்டியதில்லை.

அடுத்து வந்தது சோதனைக் காலம். 1978-ல் மேடையில் ஆடும்போது விழுந்து, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த நிலையில் இசைத்தட்டு நிறுவனம் அவரை 'சப்ஸ்டிட்யூட்' என்ற பாட்டைப் பாடச் சொன்னது. ஒரு தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? மறுபக்கத்தை நிரப்ப ஃப்ரெடி பெரன், டினோ ஃபெகாரிஸ் இருவரும் எழுதிய இன்னொரு பாட்டு. அதுதான் 'ஐ வில் சர்வைவ்'!

முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு அவர் அதைப் பாடினார். விட்டுப்போன காதலனிடம், நீ இல்லாமலும் வாழ்வேன் என்று ஒரு பெண் சொல்கிற பாட்டு. பின்னணிக் குரல்கள் கிடையாது, அவர் குரல் மட்டும்தான். நிறுவனம் முன்பக்கத்தையே விளம்பரம் செய்தது. ஆனால் நியூயார்க்கின் 'ஸ்டூடியோ 54' விடுதியில் டிஜே ரிச்சி கேசர் தட்டைத் திருப்பிப் போட்டார். கூட்டம் ஆடியது. மற்ற டிஜேக்களும் திருப்ப ஆரம்பித்தார்கள். 1979 மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் முதலிடம்!

சரி, இனி கசப்பான பகுதி. அதே ஆண்டு ஜூலை 12-ம் தேதி. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் அந்தத் தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய, இரண்டாவது ஆட்டமே ரத்தானது.

இது வெறும் ரசனைச் சண்டைதானா? அப்படித்தான் என்கிறார் டால். ஆனால் குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன என்று அன்று மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் சொல்லியிருக்கிறார். டிஸ்கோவை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், ஒருபாலீர்ப்பாளர்கள். குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். வெடித்தது யாருடைய இசை என்று யோசித்துப் பாருங்கள்.

1980-ல் சிறந்த டிஸ்கோ பாட்டுக்கான கிராமி விருது கெய்னருக்குக் கிடைத்தது. மைக்கேல் ஜாக்சன், டோனா சம்மர் ஆகியோரும் அந்தப் போட்டியில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்த விருதை வாங்கிய ஒரே பாட்டு இதுதான்!

ஆனால் டிஸ்கோ சாகவில்லை. தட்டுகளை வெடித்த அதே சிகாகோவில், 'வேர்ஹவுஸ்' விடுதியில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ தட்டுகளை வைத்தே புது இசையை வளர்த்தார். அதுதான் ஹவுஸ். மைதானத்தில் வேலை பார்த்த அந்த வின்ஸ் லாரன்ஸும் பின்னாளில் ஹவுஸ் இசை முன்னோடிகளில் ஒருவரானார். 'ஐ வில் சர்வைவ்' எய்ட்ஸ் காலத்தில் ஒருபாலீர்ப்பாளர்களுக்குத் துணை நின்றது. 2016-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாக அறிவித்தது. 2020-ல், சரியாக 40 ஆண்டுகள் கழித்து, ஒரு காஸ்பல் ஆல்பத்துக்காகக் கெய்னர் இரண்டாவது கிராமி வாங்கினார்.

நிறுவனம் மறுபக்கத்தில் ஒதுக்கி வைத்த பாட்டு அது. அதை முன்பக்கமாக்கியது ஆடிய மக்கள்தான். அடுத்தமுறை டிஸ்கோ என்று சிரிக்கும் முன் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!