காலந்தாழ்த்திக் கண்ட திரைப்படம்



மதுரை வட்டாரச் சிற்றூர் வாழ்வைச் சித்திரித்து 1983-இல் வெளிவந்த ‘மண்வாசனை’யின் வாயிலாகத் திரையுலகுக்கு அறிமுகமானவர் நடிகை ரேவதி. அவரே இயக்கி 2004-இல் வெளியிட்ட ‘ஃபிர் மிலேங்கே’ என்னும் இந்திப் படத்தை, நான் ஓய்வு பெற்ற பின்னரே காணும் வாய்ப்புக் கிட்டியது. எய்ட்ஸ் நோயைப் பொருளாகக் கொண்ட அப்படம், ஒரு காலத்தின் வரலாறாகவே எனக்குத் தோன்றிற்று.

விளம்பர நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகிக்கும் பெண்ணொருத்தி, தங்கைக்குக் குருதி கொடுக்க முன்வருகிறாள். அப்போது தன் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை அறிகிறாள். திறமைக் குறைவு என்று பொய்க் காரணம் கூறி நிறுவனம் அவளை விலக்குகிறது. அவள் நீதிமன்றத்தை நாடுகிறாள்.

இக்கிருமி நம் நாட்டில் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது தமிழகத்திலேதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியை சுனீதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் காத்துவைத்து, வேலூருக்குச் சோதனைக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் கிருமி காணப்பட்டது. 1994-இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றிற்று. 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் படமும் வந்தது.

கிருமிக்கு மருந்து வந்தது, அச்சத்துக்கு வரவில்லை. வைகைக்கரைச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய நாளில், தந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்த சிறுவன் தண்ணீர்ப் பானையைத் தொடலாகாது என்றனர் சிலர். தொடுவதாலும் உடன் உண்பதாலும் இந்நோய் பரவாது என்று ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்தேன். அவன் குவளையில் நானே நீர் அருந்திய பின்னர்தான் பேச்சு அடங்கிற்று. தந்தையை இழந்த பிள்ளைக்குத் தண்ணீரும் வழக்காகிவிட்ட காலம் அது!

பணியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இத்தகைய ஒதுக்கலைத் தடுக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பெற்று, 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. படத்தின் தலைவி கேட்ட நியாயம் சட்டமாகப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

இன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. அதனைத் தவறாது உண்போர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். சட்டம் ஒருவருடைய வேலையைக் காக்கும். ஆனால் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் அமருமாறு எந்தச் சட்டமும் நம்மை ஏவ இயலாது. அது நம் மனம் செய்ய வேண்டிய பணி.