துருவில் தீட்டிய ஓவியங்கள்

பொம்மையார்பாளையத்தில் கடற்கரைக்குச் சற்று மேற்கே சென்றால் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளைக் காணலாம். அம்மண்ணில் ஒரு பிடி எடுத்து நீரில் குழைத்துச் சுவரில் பூசுங்கள், அதுவே வண்ணம். அதன் செம்மைக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு!

துருவைக் கொண்டு மனிதன் வண்ணம் கூட்டிய வரலாறு மிக நீண்டது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் 2008-இல் இரு கடற்சிப்பிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் காவிக்கல் தூளும் கரியும் எலும்பும் சேர்ந்த கலவை உறைந்திருந்தது. அதன் வயது சுமார் 1,00,000 ஆண்டுகள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளிலேயே தொல்பழங்கால மக்கள் செங்காவியால் தீட்டிய மனித உருவங்களும் குறியீடுகளும் உள்ளன. அவர்களுக்கு ஓவியப் பள்ளி ஏது? கண்ணும் கையுமே ஆசிரியர்.

இவ்வண்ணம் இத்தனை காலம் மங்காதிருப்பது எப்படி? மலர்ச் சாற்றின் நிறம் கரிமச் சேர்மங்களால் ஆனது. வெயிலின் புறஊதாக் கதிர்களும் காற்றின் ஆக்சிஜனும் அவற்றைச் சிதைத்துவிடும். காவியில் உள்ள இரும்போ ஏற்கெனவே ஆக்சிஜனுடன் முழுமையாகச் சேர்ந்துவிட்ட ஒன்று. மேலும் கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? நீல, பச்சை ஒளியை உட்கொண்டு சிவப்பை அது திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு தாளில் செம்மண் குழம்பையும் செம்பருத்திச் சாற்றையும் அருகருகே தடவி, ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

மஞ்சட்காவியைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் நீங்கிச் செங்காவியாகும். வேதியியல் பிறக்கும் முன்னரே மனிதன் இதை அடுப்படியில் அறிந்திருந்தான்.

மகாராஷ்டிரத்து வார்லிப் பெண்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் குழம்பால் திருமணக் காட்சிகளை வரைவர். 1970-களில் ஜீவ்யா சோமா மாஷே என்பவர் அக்கலையைத் தாளுக்குக் கொண்டுவந்தார். 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நம் வீட்டு வாசலில் மாக்கோலமும் காவிப் பட்டையும் இடுவது இதன் உறவு முறைதான். மாவை எறும்பு தின்றுவிடும். மறுநாள் புதிதாக இடலாம்.

பாறை ஓவியத்தை அவ்வாறு மீண்டும் வரைய இயலாது. வண்ணம் வெயிலைத் தாங்கும். கல்லுடைக்கும் உளியையும், அதன்மேல் தம் பெயரைக் கிறுக்குவோரின் கையையும் தாங்காது. கீழ்வாலைக்குச் செல்லும் மாணவர்கள் கண்ணால் மட்டும் பார்த்து வருக!