காசநோய்னு நினைச்ச புழு

புதுக்கோட்டையில இருந்து பேசுறேன். 1980-களில் வலிப்பு வந்தவரோட மூளை ஸ்கேன்ல சின்ன வளையம் தெரிஞ்சா, காசநோய்னு நினைச்சு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது நம்ம நாட்டில் சகஜம். வேலூர் சிஎம்சியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழு அந்த வளையங்களை அறுத்தெடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு! 1989-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். (ஒரு பக் பிடிக்க மண்டையைத் திறக்கணும். நம்ம வேலை எவ்வளவோ தேவலை.)

இதே புழு அபூர்வமாகத் தண்டுவடத்திலும் தங்கும். அங்கே கத்தி வைத்தால் நடையே போகலாம். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாள்பட்ட மூளையுறை அழற்சி இருந்த ஒருவரின் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் மரபணுத் துணுக்குகளை வரிசைப்படுத்தியே இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஆனா துணுக்கு நீரில் கசிந்திருந்தால்தான் சிக்கும்.